தனிமை விரும்பி மோனசைட்: கடல் மணலில் ஓர் அரிய பாஸ்பேட் கனிமத்தை அடையாளம் காண்பது எப்படி?



இந்த மாதச் சுவர் இதழில் அறிவியல் பகுதி எங்கள் ஒன்பதாம் வகுப்புக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று சார்ட் பேப்பரில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், இன்டர்வெல்லில் பாதி, மதியம் சாப்பிட்டுவிட்டு மீதி என்று பொறுமையாகப் படியுங்கள்.

என் அக்கா கல்லூரிச் சுற்றுலா போனபோது கன்னியாகுமரியில் இருந்து கலர் மணல் பொட்டலம் வாங்கி வந்தாள். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பழுப்பு என்று பல நிறம். அதை நான் வகுப்புக்குக் கொண்டு வந்து காட்டினேன். உடனே கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "ஏய், அது அணுகுண்டு மண்ணு! தொட்டா கேன்சர் வரும்!" அவ்வளவுதான். ரெண்டு நாள் என் பக்கத்தில் உட்காரவே சிலர் யோசித்தார்கள். இன்னொரு கூட்டம், "அது தங்கத்தைவிட விலை, வித்துடலாம்" என்றது. அறிவியல் டீச்சர் ரெண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, "பேரைச் சொல்றதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க. எந்த மணி எதுன்னே தெரியாம பயப்படுறதும் தப்பு, ஆசைப்படுறதும் தப்பு" என்றார்கள். அந்தச் சோதனையில் இருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

பயப்பட வைத்த பொருளின் பெயர் மோனசைட். அது ஒரு பாஸ்பேட் கனிமம்.

பாஸ்பேட் நமக்குப் புதுசா?

இல்லை! நம் ஆயக்குடி கொய்யாத் தோப்புக்கு வைக்கும் சூப்பர் பாஸ்பேட் உரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பாஸ்பரஸ் அணுவைச் சுற்றி நாலு ஆக்சிஜன் அணு சேர்ந்து நிற்கும் கூட்டத்துக்குப் பாஸ்பேட் என்று பெயர். இந்தக் கூட்டம் தனியாக நிற்காது, ஏதாவது ஓர் உலோகத்தோடு சேர்ந்துகொள்ளும். கால்சியத்தோடு சேர்ந்தால் அபடைட் என்ற கனிமம். உரத்துக்கு ஆதாரம் அதுதான். நம் பல்லிலும் எலும்பிலும் இருப்பதும் அதே குடும்பம்தான். சிரித்தால் தெரிவது பாஸ்பேட்!

கால்சியத்துக்குப் பதிலாக சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்களோடு பாஸ்பேட் சேர்ந்தால் அதுதான் மோனசைட். கூடவே தோரியம் என்ற கதிரியக்க உலோகமும் அதில் புகுந்துகொள்கிறது. நம் நாட்டு மோனசைட்டை 100 கிராம் எடுத்தால் அதில் இருப்பவை (சுமாராக):

அருமண் ஆக்சைடுகள்: 55 முதல் 60 கிராம்
பாஸ்பரஸ் ஆக்சைடு: 27 கிராம்
தோரியம் ஆக்சைடு: 8 முதல் 10 கிராம்
யுரேனியம் ஆக்சைடு: 0.35 கிராம் (அரை கிராமுக்கும் கீழே)

பெயர் வந்த காரணம்

1829-இல் பிரைட்ஹாப்ட் என்ற ஜெர்மன் கனிமவியல் அறிஞர் இந்தப் பெயரை வைத்தார். கிரேக்க மொழியில் 'தனித்து இருப்பது' என்று பொருள். முதலில் கிடைத்த இடத்தில் இதன் படிகங்கள் கூட்டமாக இல்லாமல் ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று தனித்தனியாக இருந்தனவாம். அதனால்தான் தலைப்பில் தனிமை விரும்பி என்று போட்டேன். ஆனால் நம் தென்கோடிக் கடற்கரையில் இது கோடிக்கணக்கான மணல்மணிகளோடு கலந்துதான் கிடக்கிறது. அதில் இருந்து இதைப் பிரித்து எடுப்பதுதான் சாமர்த்தியம்.

கயிற்றில் ஒட்டிப் போன மணல்

இனிக் கதை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது நமக்கு சமூக அறிவியல் பாடத்தில் வருகிறது. அந்தத் திருவிதாங்கூரில் இருந்து தேங்காய் நார்க் கயிறு ஜெர்மனிக்குக் கப்பலில் போகும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். நாமாக இருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்போம். அவர் சோதித்தார். மோனசைட்!

அவர் ஏன் அதைத் தேடினார்? அதற்குக் காரணம் பெட்ரோமாக்ஸ் லைட் மாதிரியான காஸ் விளக்குதான். என் தாத்தா கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். "புது மேண்டிலைக் கட்டி ஒரு தடவை எரிச்சுட்டா அப்புறம் தொடவே கூடாது, தொட்டா பொடியாப் போயிரும்" என்று அப்பத்தா இன்றும் சொல்லும். அந்த மேண்டில் ஏன் பொடியாகிறது என்பது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. நூல் பையைத் தோரியம் உப்பும் சீரியம் உப்பும் கலந்த கரைசலில் நனைத்துக் காய வைப்பார்கள். முதலில் எரிக்கும்போது நூல் எரிந்துபோய்விடும். மிச்சம் நிற்பது வலை மாதிரி ஆக்சைடு மட்டும். சூடானால் வெள்ளை வெளேரென்று ஒளி விடும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த அவுயர் வான் வெல்ஸ்பாக் என்பவர் 1891-இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற சரியான அளவைக் கண்டுபிடித்தார். மின்சாரம் வராத அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்கத் தெருவிளக்குக்கு மேண்டில் தேவை. மேண்டிலுக்குத் தோரியம் தேவை. தோரியத்துக்கு மோனசைட் தேவை.

ஷோம்பெர்க் நேரே இங்கே வந்து, 1910 வாக்கில் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை தொடங்கினார். 1914-இல் முதல் உலகப் போர் வந்ததும் தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்திய அருமண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-இல் கேரளத்தில் ஆலுவாயில் மோனசைட்டைப் பதப்படுத்தும் ஆலை வந்தது. 1955-இல் மும்பை டிராம்பேயில் தோரியம் ஆலை வந்தது. மணவாளக்குறிச்சியில் இன்றும் அரசு நிறுவனத்தின் மணல் ஆலை இருக்கிறது.

மலையில் பிறந்து கடலுக்குப் போவது

மோனசைட் கடலில் பிறப்பதில்லை. மலைப்பாறைக்குள் பிறக்கிறது. நம் பழனி மலை, கொடைக்கானல் மலை எல்லாம் பெரும்பாலும் சார்னோகைட் என்ற கருநீலப் பாறையால் ஆனவை. நம் வீட்டு அம்மிக்கல்லை உடைத்த இடத்தில் பார்த்தால் கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை கலந்து எண்ணெய் தடவிய மாதிரி தெரியுமே, அந்த வகைதான். அந்த மாதிரிப் பாறைகளுக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் மோனசைட் மணிகள் இருக்கின்றன.

இதில் ஓர் அதிசயம் கேளுங்கள். மோனசைட்டில் உள்ள தோரியம் மெதுவாகச் சிதைந்து கடைசியில் ஈயமாக மாறுகிறது. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் அந்த மணிக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். நம் பகுதிப் பாறைகளில் உள்ள மோனசைட்டை இப்படி அளந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே பூமிக்கு அடியில் பெரிய வெப்ப மாற்றம் நடந்திருக்கிறது என்று புவியியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டிச் சேர்ந்த காலம் அது. கொடைக்கானல் மலைக்குப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி இந்தச் சின்ன மணி!

பாறை வெயிலிலும் மழையிலும் உதிர்கிறது. ஆறு அடித்துக்கொண்டு போகிறது. நம் மலையின் வடக்குப் பக்கத் தண்ணீர் சண்முகநதி, அமராவதி, காவிரி என்று கிழக்கே வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. குமரி மாவட்ட மலைத் தண்ணீர் வள்ளியாறு போன்ற சின்ன ஆறுகள் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சீக்கிரமே போய்ச் சேர்கிறது. அங்கே அலை ஒரு முறம் மாதிரி வேலை செய்கிறது. நம் அம்மா அரிசி புடைக்கும்போது லேசான உமி முன்னால் பறக்கும், கனமான கல் முறத்திலேயே தங்கும் இல்லையா? அதே போல அலை திரும்பும்போது லேசான வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகிறது. கனமான மணிகள் கரையிலேயே படிகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை பெரிதாக அடிப்பதால் கறுப்புப் படிவு அதிகமாகச் சேரும்.

கன்னியாகுமரியில் இந்தக் கலர் மணலுக்கு வேறு கதை சொல்கிறார்கள். குமரி அம்மனுக்கும் சிவபெருமானுக்கும் நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோனதால், சமைக்காமல் கிடந்த அரிசியும் தானியங்களும்தான் மணலாக மாறிவிட்டனவாம். கதை அழகாக இருக்கிறது. நிறத்தைக் கவனித்துத்தான் நம் முன்னோர் அந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணலில் யார் யார் இருக்கிறார்கள்?

மோனசைட்டை அடையாளம் காண, அதோடு கூட இருப்பவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். அடர்த்தி என்று நான் எழுதியிருப்பது, அதே கன அளவுத் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது.

1. குவார்ட்ஸ் (சாதாரண வெள்ளை மணல்): நிறமில்லாதது. அடர்த்தி 2.65.
2. சிலிமனைட்: வெள்ளை. அடர்த்தி சுமார் 3.2.
3. கார்னெட்: மாதுளை முத்து மாதிரி சிவப்பு, இளஞ்சிவப்பு. அடர்த்தி சுமார் 4.
4. ரூட்டைல்: செம்பழுப்பு முதல் கறுப்பு வரை. அடர்த்தி சுமார் 4.2.
5. சிர்க்கான்: பெரும்பாலும் நிறமில்லாமல் பளபளக்கும். ரெண்டு முனையும் கூர்மை. அடர்த்தி சுமார் 4.6.
6. இல்மனைட்: கன்னங்கரேல். அடர்த்தி சுமார் 4.7. கடற்கரை கறுப்பாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இவர்தான்!
7. மோனசைட்: தேன் மஞ்சள் முதல் பழுப்பு வரை. அடர்த்தி சுமார் 5.

ஆகவே நண்பர்களே, "கறுப்பு மணல் எல்லாம் தோரியம்" என்று சொல்வது சரியில்லை. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். அது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதில் இருந்து கிடைக்கும் டைட்டானியம் வெள்ளைப்பொடியைப் பெயின்டில் போடுகிறார்கள். மோனசைட் கறுப்பே இல்லை, மஞ்சள்!

மோனசைட்டின் குணங்கள்

நிறம்: தேன் மஞ்சள், செம்மஞ்சள், பழுப்பு.
பளபளப்பு: கண்ணாடி மாதிரி இல்லை. சாம்பிராணிக் கட்டியை உடைத்தால் தெரியும் மினுமினுப்பு.
வடிவம்: பாறைக்குள் தட்டையான படிகம். கடற்கரையில் அலை உருட்டி உருட்டி முட்டை மாதிரி உருண்டையாகி இருக்கும்.
கடினத்தன்மை: மோஸ் அளவில் 5 முதல் 5.5. குவார்ட்ஸ் 7, சிர்க்கான் 7.5. அதாவது கூட இருக்கிறவர்களில் பலரைவிட மெத்து.
தூளின் நிறம்: வெளியே மஞ்சளாக இருந்தாலும் அரைத்தால் வெள்ளை.
காந்தம்: சாதாரணக் காந்தம் இழுக்காது. பலமான மின்காந்தம் லேசாக இழுக்கும்.
மின்சாரம்: கடத்தாது.
கதிரியக்கம்: உண்டு. தோரியம் இருப்பதால் கைகர் கருவியை அருகில் கொண்டுபோனால் 'டிக் டிக்' என்று எண்ணும்.
ஒளி: இதன் வழியாக வரும் வெளிச்சத்தை நிறமாலைக் கருவியில் பார்த்தால் மஞ்சள் பகுதியில் கறுப்புக் கோடுகள் விழும். நியோடிமியம் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது.
வேதியியல் சோதனை: சூடான அடர் அமிலத்தில் கரைத்து, அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு வரும். அது பாஸ்பேட் இருப்பதற்கு அடையாளம். (இதைப் பெரிய ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். நாம் முயலக் கூடாது!)

நாலு கேள்வி, ஒரு விடை

ஒரே ஒரு குணத்தை வைத்து மோனசைட்டைப் பிடிக்க முடியாது. மஞ்சள் என்று பார்த்தால், இரும்புக் கறை படிந்த குவார்ட்ஸும் மஞ்சள்தான். கனம் என்று பார்த்தால் சிர்க்கானும் கனம்தான். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்க வேண்டும். மணல் ஆலைகளிலும் இதே குணங்களைப் பயன்படுத்தித்தான் இயந்திரத்தால் பிரிக்கிறார்கள்.

கேள்வி 1: கனமா? தண்ணீரில் அலசினால் குவார்ட்ஸும் கிளிஞ்சல் துண்டும் வெளியே போய்விடும்.

கேள்வி 2: மின்சாரம் கடத்துமா? சுழலும் உருளை மேல் மணலைக் கொட்டி உயர் மின்னழுத்தம் கொடுப்பார்கள். கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் தூர விழும். கடத்தாதவை உருளையோடு ஒட்டிக்கொண்டு போய்க் கீழே விழும்.

கேள்வி 3: பலமான மின்காந்தத்துக்கு அசையுமா? சிர்க்கானும் சிலிமனைட்டும் அசையாது. கார்னெட்டும் மோனசைட்டும் அசையும்.

கேள்வி 4: மிஞ்சிய ரெண்டில் எது அதிகக் கனம்? கார்னெட் 4, மோனசைட் 5. தண்ணீர் ஓடும் சாய்வு மேசையில் ஆட்டினால் ரெண்டும் தனித்தனி வரிசையாகப் பிரியும். கையில் மிஞ்சுவது மோனசைட்!

பார்த்தீர்களா? கணக்கில் விடையைச் சரிபார்ப்பது மாதிரிதான். ஒவ்வொரு கேள்வியும் சிலரை வெளியே அனுப்புகிறது. எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னவருக்குத்தான் அந்தப் பெயர்.

நாங்கள் செய்து பார்த்த சோதனை

தேவையான பொருட்கள்: கொட்டாங்குச்சி, பழைய ஸ்பீக்கர் காந்தம், பேப்பர், பூதக்கண்ணாடி, அளவுசாடி, தராசு, ரெண்டு வகை மணல்.

முதல் மணல், வரதமாநதி அணைப் பக்கத்து ஓடையில் எடுத்தது. மழை நின்றதும் அங்கே மணல் மேல் கறுப்புக் கோடு கோடாகப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். ரெண்டாவது, அக்காவின் பொட்டலத்துக் கறுப்பு மணல்.

கனச் சோதனை: 40 கிராம் ஓடை மணலைத் தண்ணீர் உள்ள அளவுசாடியில் போட்டோம். தண்ணீர் 15 மில்லி ஏறியது. 40-ஐ 15-ஆல் வகுத்தால் 2.67. குவார்ட்ஸ் அடர்த்திக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! 40 கிராம் பொட்டல மணலுக்கு 10 மில்லிதான் ஏறியது. அடர்த்தி 4. அதாவது அதில் கனமான கனிமங்கள்தான் அதிகம்.

காந்தச் சோதனை: காந்தத்தைப் பேப்பரில் சுற்றி மணல் மேல் மெதுவாக நகர்த்தினோம். (சுற்றாமல் வைத்தால் ஒட்டியதைத் துடைத்து எடுக்கவே முடியாது.) ஓடையின் கறுப்புக் கோட்டில் இருந்து மீசை மாதிரி நிறைய ஒட்டிக்கொண்டது. அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் என்று டீச்சர் சொன்னாங்க. பொட்டல மணலில் கொஞ்சம்தான் ஒட்டியது.

பூதக்கண்ணாடிச் சோதனை: மீதியை வெள்ளைப் பேப்பரில் பரப்பினோம். கறுப்பு நிறைய, சிவப்பு கொஞ்சம், நிறமில்லாதவை கொஞ்சம். உருண்டையான மஞ்சள் மணிகள் எண்ணிப் பதினொன்று. எங்கள் வகுப்பே சத்தம் போட்டது!

நோட்டில் என்ன எழுதுவது என்று கேட்டோம். "'மோனசைட் கண்டுபிடித்தோம்'னு எழுதாதீங்க. 'நிறமும் வடிவமும் மோனசைட்டோடு ஒத்துப்போகுது'ன்னு எழுதுங்க. மின்காந்தம், கைகர் கருவி ரெண்டும் பார்த்த பிறகுதான் பேர் வைக்கணும்" என்று டீச்சர் சொன்னாங்க. அப்படியே எழுதியிருக்கிறோம். சோதனை முடிந்ததும் மணலை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டி, ஆய்வக அலமாரியில் வைத்துவிட்டோம். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.

அப்படியென்றால் அந்த மண் நல்லதா, கெட்டதா?

என் பக்கத்தில் உட்காராதவர்களுக்கு மட்டும் அல்ல, இது அந்தக் கரையில் வாழும் மக்களுக்கு முக்கியமான கேள்வி. நாம் ஒரு நாள் சுற்றுலா போய்விட்டு வருகிறோம். அவர்கள் அதே மணலில் வலை காய வைத்து, மீன் உலர்த்தி, பிள்ளைகளை விளையாட விட்டு வாழ்கிறார்கள்.

கதிரியக்கம் எல்லா இடத்திலும் இயற்கையாகக் கொஞ்சம் இருக்கிறது. நம் கருங்கல்லிலும், காற்றிலும், நாம் சாப்பிடும் வாழைப்பழத்திலும்கூட உண்டு. மோனசைட் சேர்ந்த கடற்கரையில் அது மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். கேரளத்தில் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் இதே மாதிரி மணல்தான். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. இயற்கைக் கதிரியக்கம் அதிகமான இடத்தில் இருந்தவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வந்ததாக அதில் தெரியவில்லை. எனவே ஒரு சின்னப் பொட்டலத்தைத் தொட்டால் கேன்சர் என்பது வெறும் வதந்தி.

ஆனால் அதற்காக மோனசைட்டோடு விளையாடலாம் என்றும் அர்த்தம் இல்லை. கலந்து கிடக்கும் மணல் வேறு, பிரித்துக் குவித்த மோனசைட் வேறு. பிரித்தால் கதிரியக்கம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அதன் தூசி மூச்சில் போகக் கூடாது. அதனால்தான் அதைக் கையாளுகிற ஆலைகளில் வேலை செய்பவர்கள் எவ்வளவு கதிர் பட்டது என்று அளக்கிறார்கள்.

கரை மக்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. மணலை அள்ளினால் கடல் ஊருக்குள் வந்துவிடுமோ என்பது அது. அது நியாயமான பயம், ஏனென்றால் கரைக்கு அரண் மணல்தான். 2013 செப்டம்பரில் தமிழக அரசு தாது மணல் எடுப்பதை நிறுத்தி வைத்தது. 2019-இல் மத்திய அரசு, கடற்கரைத் தாது மணலைத் தனியார் எடுக்கக் கூடாது, அரசு நிறுவனங்கள் மட்டுமே எடுக்கலாம் என்று விதி கொண்டுவந்தது. 2024-இல் குமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் அரசு நிறுவனம் மணல் எடுக்கும் திட்டத்தைக் கரை மக்கள் எதிர்த்தார்கள்.

நாட்டுக்கு இது தேவை என்பதும் உண்மை. அணுக் கனிம இயக்குநரகத்தின் கணக்குப்படி இந்தியாவில் சுமார் 1 கோடியே 30 லட்சம் டன் மோனசைட் இருக்கிறது. அதில் உள்ள நியோடிமியத்தில் இருந்து பலமான காந்தம் செய்யலாம். காற்றாலைக்கும் மின்சார வண்டிக்கும் அந்தக் காந்தம் வேண்டும். தோரியத்தை அணு உலையில் வைத்தால் யுரேனியம்-233 என்ற எரிபொருளாக மாறும். கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற சின்ன ஆய்வு உலை அந்த எரிபொருளில் ஓடுவதுதான். தோரியத்தை நம்பித்தான் ஹோமி பாபா மூன்று கட்ட அணுசக்தித் திட்டம் வகுத்தார்.

ஆக, நாட்டுக்கு வேண்டிய பொருளும் கரை மக்களின் வீடும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. இதில் எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும், எந்த இடத்து மணலில் எவ்வளவு மோனசைட் என்று சரியாக அடையாளம் கண்டு, அளந்து, அந்த ஊர்க்காரர்களுக்கும் புரிகிற தமிழில் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. தெரியாத இடத்தில்தான் வதந்தி வளர்கிறது. எங்கள் வகுப்பிலேயே ரெண்டு நாளில் வளர்ந்ததே!

முக்கிய அறிவிப்பு: மோனசைட் சட்டப்படி கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அனுமதி இல்லாமல் சேர்க்கவோ விற்கவோ கூடாது. "வித்துடலாம்" என்று சொன்ன நண்பர்கள் கவனிக்கவும்!

உங்களுக்குத் தெரியுமா?

* சிகரெட் லைட்டரில் தீப்பொறி தரும் சின்னக் கல் கல்லே இல்லை. சீரியம் முதலான அருமண் உலோகங்களும் இரும்பும் சேர்ந்த கலவை. மேண்டில் கண்டுபிடித்த அதே வெல்ஸ்பாக் 1903-இல் கண்டுபிடித்தது.

* தோரியம்-232 பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்!

* சார்னோகைட் பாறைக்கு அந்தப் பெயர் ஒரு கல்லறையில் இருந்து வந்தது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல் அந்தப் பாறைதான். கல் போனது நம் சென்னைப் பக்கத்தில் இருந்து.

* மோனசைட்டைக் காஸ்டிக் சோடாவால் பதப்படுத்தும்போது அதன் பாஸ்பேட் பகுதி டிரைசோடியம் பாஸ்பேட் ஆகப் பிரிகிறது. அது அழுக்கு நீக்கும் பொருளாகப் பயன்படுகிறது.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்!

1. கடற்கரை மணலைக் கறுப்பாகக் காட்டும் முக்கியக் கனிமம் எது?
2. கார்னெட்டையும் மோனசைட்டையும் எந்தக் குணத்தால் பிரிக்கலாம்?
3. மோனசைட்டை அரைத்தால் தூள் என்ன நிறம்?
4. திருவிதாங்கூர் மோனசைட் 1909-இல் எதில் ஒட்டிப் போய்க் கண்டுபிடிக்கப்பட்டது?
5. சிந்திக்க: ஒரு கல் மஞ்சளாக இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது. அது மோனசைட் என்று சொல்லிவிடலாமா?

(விடைகள்: 1. இல்மனைட். 2. அடர்த்தி. 3. வெள்ளை. 4. தேங்காய் நார்க் கயிறு. 5-க்கு விடையைக் காரணத்தோடு ஒரு தாளில் எழுதி அறிவியல் மன்றப் பெட்டியில் போடுங்கள். சரியாக எழுதியவர்களின் வகுப்பு அடுத்த மாதச் சுவர் இதழில் வரும்.)

ஓடைப்பக்கம் போகிறவர்கள் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள். காந்தமும் பூதக்கண்ணாடியும் ஆய்வகத்தில் தயாராக இருக்கின்றன. சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஆயக்குடி.